கடைசி 33 செக்டர்கள்: ஓடும் ரெய்டுக்கு அடியில் கிடந்த பழைய பார்ட்டிஷன் டேபிள்

வெள்ளிக்கிழமை இரவு ஒரு ஃபைல் சர்வரின் மதர்போர்டை மாற்றினோம். நெட்வொர்க் போர்ட் செத்துப்போயிருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை. 4 டெராபைட் டிஸ்க்குகள் ஆறு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை, எம்டி என்பார்கள்; சேர்ந்த தொகுப்பு அரே) ரெய்டு 6, அதன்மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். டிஸ்க்குகளைக் கழற்றிய அதே வரிசையில் மாட்டினோம். பவர் போட்டதும் சர்வர் எழுந்தது, ஷேர்கள் தெரிந்தன. அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை, கூட வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, அரே நாலு டிஸ்க்குல ஓடுது. ரெண்டைக் காணோம்."

ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், மூன்றாவது போனால் தாங்காது. இரவு முழுக்க அந்த விளிம்பில்தான் ஓடியிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல் இரவே வந்திருந்தது. பார்க்காதது நான்.

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். போர்டு மாற்றிய மறுநாள் டிஸ்க் காணாமல் போனால் யாரும் அதைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் காணாமல் போன இரண்டும் சுழன்றுகொண்டிருந்தன, கெர்னலுக்குத் தெரிந்தன, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. எம்டியை நிர்வகிக்கும் கருவியான எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் கட்டளையை ஓட்டினேன். ஆரோக்கியமான டிஸ்க்கில் அது ரெய்டு லெவல், அரே அடையாள எண், டேட்டா ஆஃப்செட் என்று ஒரு பக்கம் நிறையக் கொட்டும். இதில் இரண்டே வரி: எம்பிஆர் மேஜிக் இருக்கிறது, பார்ட்டிஷன் பூஜ்யம், 1-ஆம் செக்டரில் (டிஸ்க்கை எண்ணும் சிறு துண்டு) தொடங்கி 4294967295 செக்டர்கள், வகை ஈஈ.

எம்பிஆர் என்பது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் பழைய பாணி பார்ட்டிஷன் டேபிள், ஜிபிடி புதிய பாணி. வகை ஈஈ என்பது ஜிபிடி டேபிளுக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் போலி எம்பிஆர். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் கொடுத்துப் பார்த்தால் இரண்டு டிஸ்க்குக்கும் கீழே ஒவ்வொரு பார்ட்டிஷன் தொங்கியது. இந்த அரேயை நாங்கள் முழு டிஸ்க்கின் மேல் கட்டியிருந்தோம், பார்ட்டிஷன் என்று ஒன்று எந்த நாளும் போட்டதில்லை. முந்தின நாள்வரை இல்லாத பார்ட்டிஷன் ஒரே இரவில் எப்படி முளைத்தது?

அந்த இரண்டும் பழைய டிஸ்க்குகள். வேறொரு மெஷினை ஓரங்கட்டியபோது எடுத்து வைத்தவை. மற்ற நான்கும் பெட்டி பிரித்துப் போட்டவை. அரே கட்டிய நாளின் கட்டளைகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் ஒரு குறிப்பில் ஒட்டி வைத்திருந்தேன். தேடி எடுத்தேன். எம்டிஏடிஎம் அந்த இரண்டு டிஸ்க்குக்கும் தெளிவாகவே எச்சரித்திருக்கிறது: இதில் ஒரு பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, அரே கட்டியபின் அது அழிந்துவிடும் அல்லது அர்த்தமற்றுப் போகும், தொடரலாமா? 'ஒய்' அடித்திருக்கிறேன். அழியவும் இல்லை, எல்லாருக்கும் அர்த்தமற்றுப் போகவும் இல்லை என்பதுதான் கதை.

எந்த பைட் யாருடையது

ஜிபிடி ஒரே இடத்தில் இருப்பதில்லை. 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில் 0-ஆம் செக்டர் போலி எம்பிஆர். 1-ஆம் செக்டர் ஹெடர், அது 'ஈஎஃப்ஐ பார்ட்' என்ற எட்டு எழுத்தில் தொடங்கும். 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பட்டியல்: 128 பைட் வீதம் 128 இடங்கள், மொத்தம் 16384 பைட். இதே பட்டியலும் ஹெடரும் டிஸ்க்கின் கடைசி 33 செக்டர்களில் இன்னொரு பிரதியாக இருக்கும். ஹெடர் தன்னையும் பட்டியலையும் சரிபார்க்க ஆளுக்கொரு செக்சம் (உள்ளடக்கம் மாறினால் பொருந்தாமல் போகும் சரிபார்ப்பு எண்) வைத்திருக்கும்.

இப்போது எம்டி ரெய்டின் கணக்கு. நாங்கள் பயன்படுத்தியது 1.2 மெட்டாடேட்டா. அதன் சூப்பர்பிளாக், அதாவது டிஸ்க் எந்த அரேயைச் சேர்ந்தது என்ற குறிப்பு, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4096-ஆவது பைட்டில் உட்காரும். ஜிபிடி பட்டியல் பிடித்திருப்பது 1024 முதல் 17407 வரை. அதாவது ரெய்டின் சூப்பர்பிளாக் பழைய ஜிபிடி பட்டியலின் நட்டநடுவில் குடியேறியிருக்கிறது. நானே 'ஒய்' அடித்த அந்த நொடியில் முன்பக்கப் பட்டியலின் செக்சம் உடைந்தது. 0, 1 செக்டர்களை ரெய்டு தொடவில்லை. டிஸ்க்கின் வாலில் இருந்த பிரதியையும் தொடவில்லை.

பழைய மதர்போர்டு லெகசி பயாஸில், அதாவது பழைய வகை ஃபர்ம்வேரில் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), பூட் ஆனது. அதற்கு ஜிபிடி என்றால் என்னவென்றே தெரியாது. லினக்ஸ் கெர்னலும், முன்பக்க ஜிபிடி கெட்டிருந்தால், பூட் வரியில் 'ஜிபிடி' என்று தனியாகச் சொல்லாதவரை வால் பிரதியைத் தேடிப் போகாது. அதனால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. புதிய போர்டில் புதிய வகை ஃபர்ம்வேரான யூஈஎஃப்ஐ. முன்பக்கம் கெட்டு வால் பிரதி நன்றாக இருந்தால், ஃபர்ம்வேர் தன் கொள்கை அனுமதிக்கும்பட்சத்தில் முன்பக்கத்தைச் சீர்செய்யலாம் என்று யூஈஎஃப்ஐ விதியே இடம் கொடுக்கிறது. இந்தப் போர்டின் கொள்கை அனுமதித்தது. நல்ல எண்ணத்தோடு வாலிலிருந்து 33 செக்டரைப் படித்து முன்னால் எழுதியது. அதன் பார்வையில் அது செய்தது சரியான ரிப்பேர்.

எங்கள் சூப்பர்பிளாக் அதற்குக் குப்பை. டிஸ்க்கை ஹெக்ஸில் திறந்து 4096-க்குப் போனேன். நல்ல டிஸ்க்கில் அங்கே எஃப்சி, 4ஈ, 2பி, ஏ9 என்ற நான்கு பைட் நிற்கும், எம்டியின் கையெழுத்து அது. இதில் வெறும் பூஜ்யங்கள். பழைய பட்டியலில் 25-ஆவது இடம் காலி, அந்தக் காலி இடம்தான் சூப்பர்பிளாக்கின்மேல் வந்து விழுந்திருந்தது.

டேட்டா பிழைத்தது. எங்கள் அரேயில் டேட்டா ஆஃப்செட் 264192 செக்டர், அதாவது 129 மெபிபைட் தள்ளித்தான் கோப்புகளின் முதல் பைட் தொடங்குகிறது. ஃபர்ம்வேர் எழுதியது முதல் 17 கிலோபைட்டுக்குள்.

மீட்டது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரேயை நிறுத்தி, அதே அளவுகளோடு அஸ்யூம்-கிளீன் (எல்லாம் ஏற்கெனவே ஒத்திருக்கிறது என்று நம்பச் சொல்லும் தேர்வு) போட்டு மறுபடி கிரியேட் செய்யலாம் என்று தம்பி சொன்னான். அது வேண்டாம் என்றேன். மற்ற நான்கு டிஸ்க்கிலும் இரவு முழுக்க எழுதப்பட்டிருக்கிறது, இந்த இரண்டில் இருப்பது பழசு. பழசையும் புதுசையும் சுத்தம் என்று சொல்லி ஒட்டினால் என்ன வரும் என்று யோசிக்கவே வேண்டாம். முதலில் ரீட்-ஒன்லியில் மவுண்ட் செய்து, கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாறிய கோப்புகளை வெளியே எடுத்தோம். அதன்பின் ஒரு டிஸ்க்கைச் சுத்தமாக்கிச் சேர்த்து, ரீபில்ட் முழுதாக முடிந்ததும் இரண்டாவதைத் தொட்டோம். இரண்டையும் ஒரே நேரத்தில் ரீபில்ட் செய்ய எம்டிக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவது டிஸ்க்கின் பழைய டேட்டா அதுவரை அழியாமல் கிடக்கட்டும் என்று தோன்றியது. மூன்றாவது ஒன்று பழுதானால் அந்தப் பழசாவது கையில் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அழிப்பது

இதே காலத்தில் கட்டிய இன்னொரு சர்வர் இருந்தது. அதே 4 டெராபைட், அதே ரெய்டு 6. ஆறு டிஸ்க்குமே மறுபயன்பாட்டு டிஸ்க்குகள். போர்டு இன்னும் லெகசி பயாஸ். இந்த சர்வரின் போர்டை மாற்றியிருந்தால் ஆறு சூப்பர்பிளாக்கும் ஒரே பூட்டில் போயிருக்கும். பகலில் அதை நிறுத்த முடியாது. ஓட்டத்திலேயே பழைய டேபிளை எடுக்க வேண்டும்.

டிஸ்க்கின் அடையாளங்களை அழிக்கும் கருவியான வைப்எஃப்எஸ்ஸை வெறுமனே டிஸ்க் பெயரோடு கொடுத்தால் எதையும் அழிக்காது, அடையாளங்களைப் பட்டியல்தான் போடும். ஒரு டிஸ்க்குக்கு மூன்று வரி வந்தது. 4096-இல் லினக்ஸ் ரெய்டு உறுப்பினர். 510-இல் போலி எம்பிஆரின் 55 ஏஏ. 4000787029504-இல் ஜிபிடி. கடைசி எண்ணை 512-ஆல் வகுத்தால் 7814037167, டிஸ்க்கின் கடைசி செக்டரேதான். முன்பக்க ஹெடரை வைப்எஃப்எஸ் காட்டவில்லை. பட்டியல் செக்சம் தேறாததால் அதை அது ஜிபிடியாகவே ஏற்கவில்லை. 'ஈஎஃப்ஐ பார்ட்' எழுத்துகள் ஹெக்ஸில் அப்படியே இருந்தன.

இங்கே இரண்டு பொறிகள். வைப்எஃப்எஸ்ஸில் மைனஸ் ஏ போட்டால் மூன்று வரியும் போகும், அதில் ஒன்று உயிருள்ள ரெய்டு. ஜிபிடியை மட்டும் அழிக்கிறேன் என்று ஜிபிடியைத் திருத்தும் கருவியான எஸ்ஜிடிஸ்க்கின் ஜாப்-ஆல் போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் அது பட்டியல் இருந்த இடத்தையும் பூஜ்யமாக்கும். ஃபர்ம்வேர் செய்த அதே வேலையை நம் கையாலேயே செய்வோம். இணையத்தில் 'பழைய ஜிபிடியை நீக்குவது எப்படி' என்று தேடினால் முதலில் கிடைப்பது இந்தக் கட்டளைதான். காலி டிஸ்க்குக்கு அது அருமையான கட்டளை.

அதனால் ஒத்திகை பார்த்தோம். வேறொரு மெஷினில் ட்ரங்கேட் கட்டளையால் 4000787030016 பைட் அளவில் நான்கு ஸ்பார்ஸ் கோப்புகள். உள்ளே ஒன்றும் இல்லாததால் டிஸ்க்கில் இடம் பிடிக்காது. கோப்பையே டிஸ்க்காகக் காட்டும் லூப் டிவைஸாக மாட்டி, ஜிபிடி போட்டு, அதன்மேல் அஸ்யூம்-கிளீனோடு ரெய்டு 6 கட்டினோம். சோதனைக் கோப்புக்கு அது குற்றமில்லை. அரேயை நிறுத்திவிட்டு ஒன்றின்மேல் ஜாப்-ஆல் ஓட்டியதும் எக்ஸாமின் சொன்னது: எம்டி சூப்பர்பிளாக் எதுவும் இல்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "நேத்து இதைத்தான்ணா அடிக்கலாம்னு இருந்தேன்" என்றான்.

அடுத்து, வால் பகுதி யாருடையது என்று பார்க்க வேண்டியிருந்தது. பலரும் கணக்குப் பார்க்காமல் தாண்டும் இடம் இது. டிஸ்க் மொத்தம் 7814037168 செக்டர். டேட்டா ஆஃப்செட் 264192, ஒரு டிஸ்க்கில் அரே பயன்படுத்தும் அளவு 7813772288. இரண்டையும் கூட்டினால் 7814036480. மீதி 688 செக்டர் வாலில் சும்மா கிடக்கிறது. எக்ஸாமினும் பயன்படாத இடம் என்ற வரியில் 'பின்னால் 688' என்று இதையே சொல்கிறது. ஜிபிடி பிரதிக்கு வேண்டியது 33. ஆக அது முழுக்க வெளியே இருக்கிறது, எழுதலாம். இந்த எண் 33-க்குக் குறைவாக இருந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். அப்போது அந்த பைட்டுகள் அரேயின் டேட்டா. தனி டிஸ்க்கில் அவற்றை மாற்றினால் பேரிட்டியோடு (போன டிஸ்க்கை மீட்க ரெய்டு எழுதி வைக்கும் கணக்கு) பொருந்தாமல் போகும், அடுத்த சோதனையில் பிழையாக எழும்.

தம்பி ஓடும் டிஸ்க்கின் மேலேயே வைப்எஃப்எஸ்ஸை முயன்றான். 'டிவைஸ் பிஸி' என்று மறுத்தது.

"ஃபோர்ஸ் போடவாண்ணா?"

போட்டிருந்தாலும் அநேகமாகச் சரியாகத்தான் போயிருக்கும். 0, 1 செக்டர்கள் இருப்பது முதல் 4 கிலோபைட் பக்கத்தில், சூப்பர்பிளாக் அடுத்த பக்கத்தில். ஆனால் அந்த மறுப்பு நமக்கு மிச்சமிருக்கும் ஒரே கைப்பிடி. கெர்னல் இந்த டிஸ்க் எனக்கு வேலையில் இருக்கிறது என்று சொல்கிறது. ஃபோர்ஸ் போட்டுப் பழகினால், எழுத்து மாறித் தவறான டிஸ்க்கின் பெயரைத் தட்டும் அன்றும் அது தடுக்காது. ரெய்டு 6 என்பதால் எங்களுக்கு வேறு வழி இருந்தது: ஒரு டிஸ்க்கை அரேயிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடலாம். ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு) இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். அது இருந்தால் ரீ-ஆட் செய்யும்போது இடையில் மாறிய பகுதிகள் மட்டும் ஒத்திசையும். இல்லையென்றால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முழு ரீபில்ட்.

தொடங்குமுன், டேட்டாவும் பேரிட்டியும் பொருந்துகிறதா என்று அரே முழுக்க ஒரு செக் ஓட்டினோம், மிஸ்மேட்ச் எண்ணிக்கை 0. ஒவ்வொரு டிஸ்க்கின் முதல் 1 மெபிபைட்டையும் கடைசி 1 மெபிபைட்டையும் பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் எடுத்து வேறு மெஷினில் வைத்தோம், கோப்பின் பெயராக டிஸ்க்கின் சீரியல் எண். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறும், சீரியல் மாறாது. கட்டளைகளையும் சீரியல் எண் அடங்கிய பை-ஐடி பாதையால்தான் கொடுத்தோம், கைக்கு வலிதான், பரவாயில்லை.

முதல் டிஸ்க்கை ஃபெயில், ரிமூவ். இப்போது அது யார் பிடியிலும் இல்லை, வைப்எஃப்எஸ் மறுக்காது. முதலில் வால். மைனஸ் ஓ கொடுத்து அந்த ஒரே ஆஃப்செட், கூடவே பேக்கப் தேர்வு, அது அழிக்கும் பைட்டுகளை ஹோம் டைரக்டரியில் ஒரு கோப்பாக எழுதிவிடும். வாலை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நடுவில் பவர் போய் மெஷின் மறுபடி எழுந்தாலும், திரும்பி எழுத மூலமே இருக்கக்கூடாது. முன்பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு வாலை விட்டால், இன்னும் உடைந்த முன்பக்கத்தையும் நல்ல வாலையும் ரிப்பேர் ஆர்வலர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல.

அப்புறம் முன்பக்கம். டிடி, 512 பைட் பிளாக், எண்ணிக்கை 2. மொத்தம் 1024 பைட் பூஜ்யம். இந்த '2' என்ற இலக்கத்தை என்டர் அடிக்குமுன் இருவரும் சத்தமாக வாசித்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே கை தவறி 20 விழுந்தால் 10240 பைட் போகும், சூப்பர்பிளாக்கும் அதற்குள் அடக்கம். 2 முதல் 33 வரையிலான பட்டியல் எச்சத்தைத் தொடவே இல்லை. ஹெடர் இல்லாத பட்டியல் யார் கண்ணுக்கும் தெரியாது.

மறுபடி வைப்எஃப்எஸ்: ஒரே வரி, 4096-இல் ரெய்டு உறுப்பினர். ஹெக்ஸிலும் எஃப்சி 4ஈ 2பி ஏ9. ரீ-ஆட் கொடுத்தோம். அரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் ஒத்திசைவு ஓடி முடிந்து, நல்ல டிஸ்க்குக்கு ஒன்றாக ஆறு 'யூ'வும் வரிசையாகத் தெரிந்தபின்தான் அடுத்த டிஸ்க். ஆறையும் முடிக்க ஒரு மதியம் ஆனது, பெரும்பாலும் காத்திருந்த நேரம். அன்று இரவு மறுபடி செக், மிஸ்மேட்ச் 0. வார இறுதியில் யூஈஎஃப்ஐ போர்டில் மாட்டிப் பார்த்தோம், ஆறும் வந்தன.

அழிக்கக் கூடாத ஒன்று

இந்தச் சூட்டோடு எல்லா மெஷினிலும் வைப்எஃப்எஸ் பட்டியல் எடுத்தோம். டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் எல்விஎம் நேராக டிஸ்க்கின் மேல் இருந்த ஒன்றில் வால் ஜிபிடி மட்டும் மிச்சம். அங்கே முன்பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. எல்விஎம்மின் அடையாளம் வழக்கமாக 1-ஆம் செக்டரிலேயே இருக்கும், ஜிபிடி ஹெடர் இருந்த அதே இடம். ரெய்டுக்குப் போட்ட 1024 பைட் பூஜ்யத்தை இங்கே பழக்கத்தில் போட்டால் அந்த அடையாளம் காலி. வாலில் மட்டும், எல்விஎம் இடத்தைப் பிரிக்கும் 4 மெபிபைட் எக்ஸ்டென்ட்டில் அடங்காமல் 5808 செக்டர் மிச்சம் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்தோம். இங்கே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வசதி இல்லாததால் மெஷினை ஒரு இரவு நிறுத்தித்தான் செய்தோம்.

டிஸ்க்கின் மேல் நேரடியாக எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் இருந்த ஒன்றும் சிக்கியது. அதில் ஃபைல்சிஸ்டம் டிஸ்க்கின் நுனிவரை நீள்கிறது, வாலின் 33 செக்டரும் அதற்குச் சொந்தம். ஃபைல்சிஸ்டத்தின் உள்ளே பார்க்கும் கருவியான டீபக்எஃப்எஸ்ஸின் டெஸ்ட்பி கொடுத்துப் பார்த்ததில் அந்த பிளாக்குகள் காலி என்று வந்தன. மவுண்டில் இருக்கும்போது காலி என்ற பதில் அந்த நொடிக்கு மட்டும்தான் உண்மை. அன்மவுண்ட் செய்ய நேரம் கிடைக்கும்வரை தள்ளி வைத்தோம்.

கடைசியாக, இரண்டு சிஸ்டம் டிஸ்க்குகள் ரெய்டு 1-இல். இரண்டிலும் ஜிபிடி தெரிந்தது, பூட்டில் கெர்னலும் 'மாற்று ஹெடர் டிஸ்க்கின் நுனியில் இல்லை' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தம்பி அழிக்கும் பட்டியலில் சேர்த்திருந்தான். மெட்டாடேட்டா என்ன என்று பார்க்கச் சொன்னேன். 1.0. அந்த வகையில் சூப்பர்பிளாக் டிஸ்க்கின் கடைசி 12 கிலோபைட்டுக்குள் இருக்கும், டேட்டா 0-ஆம் செக்டரிலேயே தொடங்கும். அதாவது டிஸ்க்கில் தெரியும் ஜிபிடி பழைய எச்சம் அல்ல, அரேயின் சொந்த டேபிள். அரே டிஸ்க்கைவிடக் கொஞ்சம் சின்னது, அதனால் அதன் வால் பிரதி டிஸ்க்கின் நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிகிறது. கெர்னலின் முணுமுணுப்புக்கு அதுதான் காரணம். அதை அழித்தால் பூட் போகும். அதைச் 'சரிசெய்து' வால் பிரதியை நுனிக்கு நகர்த்தினால், கடைசி 33 செக்டர் ரெய்டு சூப்பர்பிளாக்கின் மேலேயே விழும்.

அந்த இரண்டையும் விட்டுவிட்டோம். லாகின் செய்ததும் தெரியும் செய்தியில் ஒரு வரி சேர்த்தோம்: இந்த டிஸ்க்குகளில் தெரியும் ஜிபிடி அரேயுடையது, அழிக்காதே, சரிசெய்யாதே. கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் இன்னும் முணுமுணுக்கிறது.